கயாக்கில் எதை எங்கே பொருத்துவது?

மீன்பிடிக் கயாக்கின் நீளம் பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர். அகலம் 70 முதல் 90 சென்டிமீட்டர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், உடம்பை அதிகம் சாய்க்காமல் கை எட்டும் பகுதி அதில் பாதிகூடத் தேறாது. அந்தப் பாதிக்குள்தான் துடுப்பு வீச வேண்டும், தூண்டில் ராடுகள் நிற்க வேண்டும், ஒலியால் மீனைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரின் திரை கண்ணில் பட வேண்டும், பிடிபட்ட மீனை உள்ளே இழுத்துப் போட வேண்டும். கவிழ்ந்தால் திரும்ப ஏறும் வழியும் அதே பகுதிதான். இத்தனை உரிமைக்காரர்கள் உள்ள இடத்தில் எதற்கு எங்கே இடம் தருவது?

கடைகள் தரும் விடை எளிது: இன்னும் ஒரு ராடு ஹோல்டர் வாங்குங்கள். விளம்பரப் படங்களில் வரும் கயாக்குகளைப் பாருங்கள். ஆறு ராடு, இரண்டு கேமரா, ஒரு திரை, ஒரு கொடிக்கம்பம் என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டதுபோல நிற்கும். எல்லாம் கரையில் வைத்து எடுத்த படங்கள். அதே கயாக்கை எதிர்க்காற்றில் ஒரு கிலோமீட்டர் வலித்துப் போனால் பாதிப் பொருட்கள் அடுத்த முறை வீட்டிலேயே தங்கிவிடும். பொருளில் தொடங்கி இடம் தேடுவதுதான் இங்கே கோளாறு. தொடங்க வேண்டியது உட்கார்ந்திருக்கும் உடம்பில். அது என்னென்ன அசைவுகளை எந்த வரிசையில் செய்யப்போகிறது, போகும் தண்ணீர் எப்படிப்பட்டது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் மீதி பெரிய புதிர் அல்ல.

இந்தப் புதிரை மிகக் கச்சிதமாக விடுவித்தவர்கள் கிரீன்லாந்தின் இன்யூட் வேட்டைக்காரர்கள். நார்வே நாட்டு ஆய்வுப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சென் 1888-இல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தார். ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் அந்தக் குளிர்காலம் முழுவதும் இன்றைய நூக் நகரம் இருக்கும் இடத்தில் தங்கினார். அப்போது கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1891-இல் வெளிவந்த தன் நூலில் வேட்டைக் கயாக்கையும் அதன் கருவிகளையும் பற்றி விரிவாக எழுதினார்.

தோல் போர்த்திய அந்தக் கயாக்கின் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர்தான். வலக்கைக்காரரின் ஈட்டி முன்தளத்தில் வலப்பக்கம் கிடக்கும். பார்க்காமலே கை போய் எடுக்கும் தூரம். உட்காரும் குழிக்கு நேர் முன்னால் சிறு கால்கள் வைத்த ஒரு தட்டு. ஈட்டி முனையோடு இணைந்த தோல் கயிறு அதில் வளையம் வளையமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கயிற்றின் மறுமுனை சீல் தோலில் காற்றடைத்துச் செய்த மிதவையில் முடியும். மிதவை இருப்பது முதுகுக்குப் பின்னால். ஈட்டியை எறிந்ததும் தட்டிலிருந்து கயிறு தானாக அவிழ்ந்து ஓடும். வேட்டைக்காரர் மிதவையைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிடுவார். அடிபட்ட சீல் இழுப்பது மிதவையையே தவிர படகை அல்ல. பிறகு சீலைக் கொன்று முடிக்கும் குத்தீட்டி பின்தளத்தில். அது கடைசியில்தான் தேவை என்பதால் பின்னால்.

வேலையின் வரிசை எப்படியோ, தளத்தில் பொருட்களின் வரிசையும் அப்படியே. பிடித்துவைக்கும் ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. பக்கச் சட்டங்களில் துளையிட்டுக் குறுக்கே இழுத்துக் கட்டிய தோல் வார்கள், அவற்றை இறுக்க எலும்புத் துண்டுகள், அவ்வளவுதான். கருவிகள் வாருக்குக் கீழே செருகி நிற்கும், உருவினால் வந்துவிடும். இத்தனை ஒழுங்குக்கும் காரணம் பயம். ஓடும் கயிறு கையிலோ கழுத்திலோ சிக்கினால் படகு அடுத்த நொடியில் தலைகீழ். அதனால்தான் துடுப்பு கைநழுவிப்போன நிலையில் ஈட்டி எறியும் கோலை மட்டும் வைத்து நிமிர்வது, அதுவும் இல்லாமல் வெறுங்கையால் நிமிர்வது என்றெல்லாம் உருட்டி எழும் முறைகளை வளர்த்தார்கள். இன்றும் கிரீன்லாந்தின் தேசியக் கயாக் போட்டிகளில் இவை தனிப் பிரிவு.

நம் கட்டுமரத்துக்கும் இந்த வேட்டைக் கயாக்குக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் எதையும் நிரந்தரமாகப் பொருத்துவதில்லை. காரணம்தான் வேறு. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவது வழக்கம். அவிழ்த்துவிடப் போகும் படகில் நிரந்தரமாக எதைப் பொருத்துவது? வலையும் துடுப்பும் தூண்டில் சாமானும் அன்றன்றைக்குக் கட்டிக்கொண்டு போய் அன்றன்றைக்கே இறக்க வேண்டியவை. மேலே உட்கார்ந்து போவது, ஏறிய தண்ணீர் தானே வடிந்துவிடுவது என்ற இரண்டிலும் இன்றைய மீன்பிடிக் கயாக், கட்டுமரத்தின் பக்கம்தான் நிற்கிறது.

இந்த மேலே உட்காரும் வகை பரவியது கலிபோர்னியாவிலிருந்து. 1970களின் தொடக்கத்தில் மாலிபு கடற்கரையில் டிம் நீமையர் என்ற இளைஞர் அலைச்சறுக்குப் பலகையைக் குடைந்து அதில் உட்கார இடம் செய்தார். ‘ஓஷன் கயாக்’ நிறுவனம் அவர் தொடங்கியது. பின்னால் இத்தகைய கயாக்குகளை பாலிஎத்திலீனில் ஒரே வார்ப்பாக வார்க்கத் தொடங்கியதும் விலை இறங்கியது; மீன்பிடிப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று தனி வசதி எதுவும் படகில் அப்போது இல்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் ஒரு பால் கிரேட்டை வைத்து, அதன் பக்கவாட்டில் பிவிசி குழாய்த் துண்டுகளைக் கேபிள் டையால் கட்டி அதில் ராடுகளை நிறுத்தினார்கள். துளையில்லை, செலவில்லை, கழற்றி வைக்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பால் கிரேட்டை எந்தத் தயாரிப்பாளரும் விரட்ட முடியவில்லை. என் கணக்கில் கயாக் மீன்பிடிப்பின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

சரி, உடம்புக்கு வருவோம். துடுப்பின் இலை பாதத்துக்கு அருகே தண்ணீரில் இறங்கி இடுப்புக்கு அருகே வெளியே வரும். அதன் கம்பும், அதைப் பிடித்த விரல் முட்டிகளும் அதே நீளத்துக்குப் படகின் விளிம்பை ஒட்டியே போய்வரும். ஆகவே பாதம் முதல் இடுப்பு வரை இரண்டு பக்க விளிம்பும் துடுப்புக்குச் சொந்தம். அங்கே எதை வைத்தாலும் நூறு வலிப்பில் ஒரு முறையாவது முட்டி அதில் இடிக்கும். சோர்ந்துபோன மாலை நேரத்தில் அந்த ஒன்று பத்தாகும். மிஞ்சுவது மூன்று இடங்கள். பாதத்துக்கு அப்பால் பொருத்தினால் கண்ணுக்குத் தெரியும், கை எட்டாது. இடுப்புக்குப் பின்னால் பொருத்தினால் கை எட்டும், கண் எட்டாது. கால்களுக்கு நடுவே கண்ணும் எட்டும் கையும் எட்டும். ஆனால் ஏறி இறங்கும்போது முதலில் இடறுவது அதுதான்.

1997-இல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் மிராஜ் டிரைவைக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு மாறியது. கை ஓய்ந்தது, விளிம்பும் ஓய்ந்தது. துடுப்புக்குச் சொந்தமாயிருந்த விளிம்பில் ராடு ஹோல்டர்களும் பொருத்து தண்டவாளங்களும் வந்து உட்கார்ந்தன. ஆனால் மிதிக்கும் முழங்கால் மேலும் கீழும் போகிறது. நடுவில் இருந்த இடம் இப்போது அதற்கு. சுக்கானைத் திருப்பும் பிடி ஒரு கையின் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிதிக் கயாக்குக்கென்று எழுதப்பட்ட ஆலோசனையைத் துடுப்புக் கயாக்கில் அப்படியே செய்தவர்கள் பலரும் பிறகு துளையை அடைக்க வழி தேடுகிறார்கள். யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் அவர் எதில் போகிறார் என்று கேளுங்கள்.

ராடு ஹோல்டரைப் பற்றிய சண்டைதான் எல்லாவற்றிலும் பெரியது: முன்னாலா, பின்னாலா? பின்னால் வைப்போர் சொல்வது, துடுப்புக்கு இடைஞ்சல் இல்லை, முன்புறம் சுத்தமாக இருக்கும் என்பது. முன்னால் வைப்போர் சொல்வது, தூண்டில் நுனி கண்ணில் படவேண்டும் என்பது. நான் இரண்டாவது கட்சி, ஒரு திருத்தத்தோடு: வேலை செய்யும் ராடு முன்னால், ஓய்வெடுக்கும் ராடு பின்னால். போலி மீனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்போது ராடு நுனி ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு நின்றால் முள்ளில் பாசி சிக்கிவிட்டது என்று பொருள். முதுகுக்குப் பின்னால் நிற்கும் ராடு இதைச் சொல்லாது. பாசியை அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு போவீர்கள். மீன் அடித்தாலோ இன்னும் மோசம். இடுப்பைத் திருப்பிக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது உடம்பின் பாரம் ஒரு விளிம்புக்கு ஏறுகிறது. மீன் இழுப்பதும் அதே விளிம்பு. அகலமான கயாக் பொறுத்துக்கொள்ளும். 70 சென்டிமீட்டர் கயாக் பொறுக்காது.

துடுப்புக் கயாக்கில் முன் ஹோல்டருக்கான இடம் எங்கே? பாதத்துக்குச் சற்று முன்னால், விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்வாங்கி, ராடு வெளிப்பக்கம் சாயும்படி. அடிப்புறம் மட்டும் தூரத்தில் இருக்கும். ராடின் பிடி நம் பக்கம் நீண்டு வருவதால் கை எட்டிவிடும். அங்கே ஆழமான குழாய் வகை ஹோல்டர் வைக்காதீர்கள். மீன் இழுக்கும்போது ராடின் அடிக்கட்டை குழாய்க்குள் நெம்பி இறுகிவிடும், ஒற்றைக் கையால் உருவ முடியாது. மேல்புறம் திறந்த தொட்டில் வகையில் ராடை மேலே தூக்கினால் போதும், வந்துவிடும். குழாய் வகை பின்னால் ஓய்வு ராடுகளுக்குப் பொருந்தும். அங்கேயும் ஒரு சங்கதி: தூண்டிலைத் தலைக்கு மேலே பின்னோக்கி ஓங்கி வீசுபவருக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் ராடுகள் வலைக்கம்பங்கள். அவற்றை வீசாத கைப்பக்கம் தள்ளி, பின்னோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். அலையாத்திக் காடுகளிலும் கிளை தாழ்ந்த ஆறுகளிலும் செங்குத்து ராடே கூடாது. படுக்கவைத்துத்தான் போக வேண்டும். மூன்று முள் கொண்ட கொக்கி பிடரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருப்பதன் ஆபத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹோல்டரின் அடியில் எவ்வளவு விசை விழுகிறது என்பதைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். ரீலின் பிரேக்கை 5 கிலோவுக்கு இறுக்கி வைத்திருக்கிறீர்கள், அடியிலிருந்து தங்கூசி இழுக்கும் இடம் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அடித்தகட்டின் போல்ட்டுகளுக்கு இடையே இடைவெளி 7.5 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்கில் அந்த 5 கிலோ, போல்ட்டில் 100 கிலோவாகப் பிடுங்குகிறது. ராடு வளைவதால் நெம்பும் நீளம் குறையும், உண்மையான விசை இதைவிடத் தாழ்ந்திருக்கும். ஆனால் முள் பாறையில் மாட்டி, காற்று படகைத் தள்ளும்போது இந்த அளவை எட்டுவது கடினமல்ல. ஹோல்டரை உயர்த்தும் நீட்டிப்புக் கம்பு ஒவ்வொன்றும் நெம்புகோலை நீட்டுகிறது. எனவே ஹோல்டருக்கு இடம் தேடும்போது எட்டுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த இடத்தின் உட்புறத்தில் கை நுழைந்து பின்தகடு வைக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மாறினால் இந்த முடிவுகள் எப்படிப் புரளும் என்பதற்கு மூன்று கரைகளைப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கரையில், டர்பனைச் சுற்றி, ‘ஃபிஷிங் ஸ்கீ’ என்ற ஃபைபர் கயாக்குகளில் போகிறார்கள். நீளம் அதிகம், அகலம் குறைவு. நாம் வஞ்சிரம் என்று வாங்கும் அதே மீன்தான் அவர்களுக்கும் பெரிய பரிசு. அங்கே அதன் செல்லப்பெயர் கூட்டா. கரையில் உடையும் அலை வரிசையைத் தாண்டித்தான் கடலுக்குப் போக முடியும். நிற்கும் எந்த ராடையும் அந்த அலை முறித்துப்போடும் அல்லது ஓட்டுபவரின் முகத்தில் அறையும். அதனால் ராடு, ரீல், கொக்கி எல்லாம் பெரிய மூடியறைக்குள் படுத்துப் போகின்றன. அலையைக் கடந்த பிறகுதான் வெளியே வருகின்றன. பிடித்த மீனும் அதற்குள்தான். தளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருப்பது மிகக் குறைவு. பொருத்தும் இடம் பற்றிய இவர்களுடைய கொள்கையை ஒரே வரியில் சொல்லலாம்: வெளியே வைக்காதே.

கலிபோர்னியாவில், சான் டியேகோ நகரின் லா ஹோயாவில் அலை அவ்வளவு மூர்க்கம் இல்லை என்றாலும் மணல் கரையிலிருந்துதான் இறங்க வேண்டும். போவது கெல்ப் என்னும் நெடும்பாசிக் காட்டுக்கு. உயிர் மீனை இரையாகக் கோத்து மஞ்சள்வால் மீனுக்குக் காத்திருப்பார்கள். இங்கே முன்புற ஹோல்டர் வேண்டும், உயிர் இரை வைக்கும் தொட்டி இருக்கைக்குப் பின்னால் வேண்டும், திரும்பும் வழியில் ராடுகளைப் படகின் வயிற்றுக்குள் தள்ள நடுவில் மூடித் திறப்பும் வேண்டும். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் கெல்ப் அதைப் பிடித்துக்கொள்ளும்.

டெக்சாஸ், லூசியானா கரைகளின் முழங்கால் ஆழத் தண்ணீர் நேர் எதிர். ரெட்ஃபிஷ் என்ற மீனை அங்கே கண்ணால் பார்த்துத் தேடுகிறார்கள். அதற்கு எழுந்து நிற்க வேண்டும். நிற்கும் தளத்திலும் முன்புறத்திலும் ஒரு போல்ட் தலைகூடத் துருத்தக் கூடாது. குறிப்பாக ஃப்ளை வகைத் தூண்டில் வீசுபவரின் தடித்த நரம்பு காலடியில் தளர்ந்து கிடக்கும். அது சிக்கிக்கொள்ளக் காரணம் தேடிக்கொண்டேயிருக்கும். எனவே அவர்களின் சாமான் முழுக்க இருக்கைக்குப் பின்னால். ஒரே மாதிரிக் கயாக்கை வாங்கிய மூன்று பேர் இந்த மூன்று கரையிலும் மூன்று விதமாகப் பொருத்துவார்கள்; மூன்றும் சரி.

நங்கூரத்தில் மட்டும் விருப்பத்துக்கு இடமில்லை. ஓடும் தண்ணீரில் நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் நடுப்பக்கத்தில் கட்டினால் படகு குறுக்காகத் திரும்பும். நீரோட்டம் பக்கவாட்டில் முட்ட, கயிறு மேல்நீர்ப் பக்க விளிம்பைக் கீழே இழுக்கும். விளிம்பில் தண்ணீர் ஏறியதும் கவிழ்ந்துவிடும். கயிறு புறப்படும் புள்ளி அணியத்திலோ பின்முனையிலோதான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டுமே கைக்கு எட்டாது. இந்த முரணைத் தீர்ப்பதற்காக வந்ததுதான் கப்பி ஏற்பாடு. அணியத்தில் ஒரு கப்பி, பின்முனையில் ஒரு கப்பி, இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் ஓடும் கயிற்று வளையம், அதில் ஒரு வளையக் கொக்கி. நங்கூரக் கயிற்றை இருக்கையிலிருந்தபடியே கொக்கியில் மாட்டி, வளையத்தை இழுத்து முனைக்கு அனுப்பிவிடலாம். எடுக்கும்போது திரும்ப வரவழைக்கலாம். கயிற்றின் கைமுனையை முடிச்சிடாமல், இழுத்தால் விடுபடும் பிடியில் நிறுத்தி, நுனியில் சிறு மிதவை கட்ட வேண்டும். பெரிய படகு நேரே வந்தால் கயிற்றை விட்டுவிட்டு விலகி, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நீரோட்டம் உள்ள இடத்துக்குப் போகிறவர் கயாக்கில் முதலில் போடவேண்டிய துளைகள் இந்தக் கப்பிகளுக்குத்தான். ராடு ஹோல்டர் பிறகு.

ஃபிஷ் ஃபைண்டர் விஷயத்தில் கவலைப்பட வேண்டியதும் வேண்டாததும் இடம் மாறியிருக்கின்றன. ஒலியை அனுப்பும் உணரியை அணியத்தில் வைத்தால் முன்கூட்டியே மீன் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கற்றையின் விரிவு ஏறத்தாழ 20 பாகை என்று கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது காட்டும் வட்டத்தின் விட்டம் மூன்றரை மீட்டர். கயாக்கின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே முன்னாலோ பின்னாலோ, பார்க்கும் இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கவலைப்பட வேண்டியது காற்றுக் குமிழியைப் பற்றி. உணரியைப் படகின் உள்ளே அடித்தளத்தில் ஒட்டலாம். பிளாஸ்டிக்கை ஊடுருவி ஒலி போகும். பாறையில் அடிபடாது, பாசி சிக்காது. பசையில் ஒரு குமிழி மாட்டினாலும் திரை குருடாகிவிடும். பக்கவாட்டுக் காட்சி தரும் உணரிகளுக்கும் இந்த வழி ஒத்துவராது. வடிகால் துளைக்குள் பொருத்தினால் படம் தெளிவு. கரையேற்றும்போது மணலில் உரசும். பக்கவாட்டில் கரம் நீட்டித் தொங்கவிட்டால் பொருத்துவதும் கழற்றுவதும் சுலபம். ஆனால் மீன் அந்தப் பக்கம் ஓடினால் தங்கூசி கட்டாயம் அதைச் சுற்றும். மீனை ஏற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மட்டுமே அதற்கு அனுமதி.

ஃபிஷ் ஃபைண்டரை இயக்கும் மின்கலம் கனமானது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் இரண்டு கிலோவைத் தாண்டும். லித்தியம் ஏறத்தாழ அதில் பாதி. எதுவானாலும் இருக்கைக்கு அருகில், தளத்துக்கு எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே. கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் அடைப்பு வேண்டும். அது தளத்தின் தாழ்ந்த பகுதியில் இருக்கக் கூடாது.

எடை என்றதும் திரையும் கேமராவும் உயரத்தில் இருந்தால் கவிழ்த்துவிடும் என்ற பேச்சு வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு குற்றவாளி கிடைக்கிறான். தண்டோடு சேர்த்து ஒரு கிலோ உள்ள திரையை அரை மீட்டர் உயரத்தில் வைத்தால், கிலோவையும் சென்டிமீட்டரையும் பெருக்க 50 வருகிறது. 80 கிலோ மனிதர் இருக்கையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திக்கொண்டால் 800. இருக்கையை ஒரு படி இறக்கினாலே மேலே உள்ள எல்லாத் திரைக்கும் ஈடு செய்துவிடலாம். நீளவாக்கில் எடை எங்கே விழுகிறது என்பது அதைவிடப் பெரிய சங்கதி. பின்னால் கிரேட், மின்கலம், ஐஸ் பெட்டி என்று ஏற்றிக்கொண்டே போனால் அணியம் தண்ணீரை விட்டு எழும்பி காற்றுக்கு இரையாகும். காற்றுக்கு எதிரே திருப்பப் படாதபாடு படவேண்டும். முன்னால் அதிகம் ஏற்றினால் கரைக்குத் திரும்பும்போது அலையில் மூக்கு புதையும். மீன் கிடைத்தால் எடை கூடும் இடம் எது என்பதையும் காலையிலேயே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் துளை. பாலிஎத்திலீனில் பசை எதுவும் கனம் தாங்கும் அளவுக்கு ஒட்டாது. கடையில் நல்ல பிடிப்பு என்று விற்கும் இருபக்க டேப்பும் இதில் சில வாரங்களில் உரியும். எனவே கனம் தாங்க வேண்டியவற்றுக்குத் துளை தவிர்க்க முடியாது. படகின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். வெறும் ஸ்க்ரூவை அதில் முறுக்கினால் இரண்டு மூன்று புரிதான் பிடிக்கும். நூறு கிலோ பிடுங்கலுக்கு அது நிற்காது. உள்ளே கை போகும் இடமென்றால் போல்ட், அகன்ற வாஷர் அல்லது பின்தகடு, கழன்றுபோகாத நைலான் நட்டு. கை போகாத இடத்துக்கு, உட்புறம் மூன்று இதழாக விரியும் ரிவெட் அல்லது ரப்பர் உறைக்குள் நட்டு உள்ள வகை. இவை கப்பிக்கும் கொக்கிக்கும் போதும். ராடு ஹோல்டருக்கு நான் நம்பமாட்டேன். கடல் என்றால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு.

நீளமான அலுமினியத் தண்டவாளம் பொருத்துபவர்கள் கவனிக்காத ஒன்று வெயில். பாலிஎத்திலீன் அலுமினியத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். வெப்பநிலை 30 பாகை ஏறினால் மூன்றரை மீட்டர் படகு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. 40 சென்டிமீட்டர் தண்டவாளத்துக்கு அடியில் அந்த வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். இடைவெளியே இல்லாத துளையில் இறுக்கிய போல்ட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் இழுபட்டு வெடிப்பு விடும். குட்டையான தண்டவாளம் போதும். நீளம் வேண்டுமென்றால் இரண்டு துண்டாக. தண்டவாளத்தின் நன்மை வேறு: ஹோல்டரை ஒரு கை முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கலாம், அலையில் கழற்றி வைக்கலாம். முடிவெடுக்கத் தெரியாத ஆரம்பகாலத்தில் அதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

துளைக்கு முன் செய்யவேண்டியதைப் பலர் செய்வதில்லை. கயாக்கைப் புல்தரையில் வையுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் துடுப்போடு உட்காருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எட்டும் தூரமும் அதைப் போட்டபின் எட்டும் தூரமும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு வலியுங்கள்; கை போகும் வழியை ஒருவர் காகித டேப்பால் விளிம்பில் குறிக்கட்டும். பிறகு ராடை எடுப்பது, மீனைத் தூக்குவது, வலைக்கரண்டியை நீட்டுவது என்று ஒவ்வொன்றாக நடித்துப் பாருங்கள். டேப் ஒட்டிய இடத்தில் எதுவும் வராது. மிஞ்சிய இடத்தில் ஹோல்டரைக் கவ்வியாலும் எலாஸ்டிக் கயிற்றாலும் கட்டிச் சில முறை தண்ணீருக்குப் போய்வாருங்கள். கடைசிச் சோதனை நீந்தும் ஆழத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு: வேண்டுமென்றே கவிழ்த்து, வெறும் கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டிலிருந்து வயிற்றால் ஏறுங்கள். மார்பும் வயிறும் தேய்த்துக்கொண்டு வரும் அந்த இடம் குறைந்தது ஒரு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே ஹோல்டர் நின்றால் விலா எலும்பில் குத்தும். கொக்கி நின்றால் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும். எனக்குத் தெரிந்து ஹோல்டரின் இடத்தை மாற்றவைக்கும் வலுவான வாதம் இதுதான். ஆனால் பெரும்பாலோர் இதைத் துளை போட்ட பிறகே செய்து பார்க்கிறார்கள், அதுவும் விரும்பாமல்.

டிரில்லை எடுக்கும்போது அடிப்புறத்தில் நுரைக்கட்டையோ குழாயோ கம்பியோ ஓடுகிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே துளை வேண்டாம். மெதுவான சுற்றில் போடுங்கள். உருகிய பிசிறை நீக்கிவிட்டு, கடல் தரச் சீலண்ட் வைத்து முடுக்குங்கள்.

எதைக் கயாக்கில் பொருத்தவே கூடாது என்ற பட்டியல் குட்டையானது. விசில், கத்தி, கையடக்க ரேடியோ, நீர்புகா உறையில் தொலைபேசி. காற்றடிக்கும் கடலில் கவிழ்ந்தவரிடமிருந்து வெறும் கயாக் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் விலகிப்போகும். அப்போது படகில் இருக்கும் ரேடியோ யாருக்கும் உதவாது. ரேடியோவுக்கான அழகான தாங்கி கடைகளில் கிடைக்கிறது, வாங்காதீர்கள். இந்த நான்கையும் லைஃப் ஜாக்கெட்டின் பையில் வையுங்கள், அந்த ஜாக்கெட்டை இருக்கையின் முதுகில் மாட்டாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.